கோபுரம், படகு, நடைபாலம்: ஈரநிலத்தில் பார்வையாளருக்கு எவ்வளவு வசதி?

ஈரநிலச் சரணாலயம் ஒன்றில் வசதிகளை மாற்றினால், வருகிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? புதிதாகக் கோபுரம் எழுப்பலாம், பழைய பாதையை மூடலாம், மோட்டார் படகை நிறுத்திவிட்டுத் துடுப்புப் படகை மட்டும் விடலாம், கட்டணத்தை உயர்த்தலாம். எதைச் செய்தாலும் ஒரு தரப்பு வரவேற்கும், இன்னொரு தரப்பு முகம் சுளிக்கும். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022 ஏப்ரலில் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு, கடலூர் மாவட்டத்துக்கு இது ஏட்டுக் கேள்வியாக இல்லை. 1,478 ஹெக்டேர் நிலம் உலக முக்கியத்துவம் உள்ளது என்று அறிவித்தாகிவிட்டது. அங்கே என்ன கட்டலாம், யாருக்காகக் கட்டுவது என்பதை இனித்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு முன்பே பல நாடுகளில் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

கேள்வியின் வயது

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியின் பழைய ஆவணம் ஒன்று வேடந்தாங்கலைச் சேர்ந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதாக ஊர்மக்கள் முறையிட, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் ஏரிப் பறவைகளைக் காக்கும் ஊரின் உரிமையை ஏற்றுக் கௌல் (உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை ஊர் அறிந்திருந்தது. பார்க்க வருகிறவர் என்ற ஆளே அந்த ஏற்பாட்டில் கிடையாது. வெளியாள் விலகி நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-ல். கரையில் நடைபாதை, கோபுரம், உட்காரும் பலகை எல்லாம் பிறகு வந்தவை.

மேற்கில் பார்வையாளரை நடுவில் வைத்த முயற்சிகளில் பெயர்பெற்றது இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் ஈரநில மையம். 1946-ல் பீட்டர் ஸ்காட் அதைத் தொடங்கினார். மக்கள் பறவையை அருகில் பார்த்தால்தான் அதைக் காக்க முன்வருவார்கள் என்பது அவருடைய கட்சி. அமெரிக்காவில் ஆய்வாளர் ஆலன் வாகர் 1964-ல் ஒரு வனப்பகுதி எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டார். இயற்கையின் தாங்குதிறனை அளக்கத் தொடங்கியவர், மனிதர்களின் விருப்பத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1985-ல் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எத்தனை பேர் என்பதை விட்டு, எவ்வளவு மாற்றத்தை ஏற்கலாம் என்று கேட்டார்கள். 2012-ல் புக்கரெஸ்டில் கூடிய ராம்சர் மாநாடு சுற்றுலாவையே தலைப்பாக எடுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுற்றுலாவுக்குத் தடை என்று பொருளாகாது. சுற்றுலாவுக்குச் சான்றிதழ் என்றும் பொருளாகாது. இரண்டு விதமாகவும் அதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எதையும் கட்டாதே என்போர்

இவர்களுடைய வாதம் தூரத்தில் நிற்கிறது. மனிதன் நெருங்கும்போது பறவை எத்தனை மீட்டரில் எழும்புகிறது என்பதை உயிரியலாளர்கள் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ராட்ஜர்ஸ், ஸ்மித் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு, கொக்கு நாரைகள் கூடு கட்டும் இடத்திலிருந்து சுமார் 100 மீட்டரும், ஆலாக்கள் கூடு கட்டும் திட்டிலிருந்து சுமார் 180 மீட்டரும் விலகியிருக்கப் பரிந்துரைத்தது. கோபுரமோ பாலமோ அந்த எல்லைக்குள் வந்தால், பார்வையாளர் பறவையின் முதுகைத்தான் பார்ப்பார்.

சட்டமும் ஓரளவு இந்தப் பக்கம் சாய்கிறது. 2017-ன் ஈரநில விதிகள், பத்தாண்டுச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. படகுத் துறைக்கு மட்டும் விலக்கு. ஆனால் வனச் சட்டங்களுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கும் உட்பட்ட பகுதிகளை அந்த விதிகள் தம் எல்லைக்கு வெளியே வைக்கின்றன. பிச்சாவரம் காப்புக்காடு, கடலோர மண்டலமும்கூட. எனவே அந்த 50 மீட்டர் அங்கே செல்லுமா என்பது வாதத்துக்குரியது. 2019-ன் கடலோர மண்டல அறிவிக்கையோ, அனுமதி பெற்ற சூழல் சுற்றுலாத் திட்டத்தின் கீழ் அலையாத்திக் காட்டுக்குள் நடைபாதையையும் மரக்குடிலையும் ஏற்கிறது. ஒரே சேற்றுக்கு இரண்டு விதமான சட்டம்.

இந்தக் கட்சியின் பலவீனம் அதன் அளவுகோலிலேயே இருக்கிறது. ஜெனிஃபர் கில்லும் அவருடைய சகாக்களும் 2001-ல் எழுப்பிய மறுப்பு இன்றும் பதில் தேடுகிறது. பறவை எழுந்து பறப்பதால் அதன் கூட்டத்துக்குக் கேடு என்று சொல்லிவிட முடியாது. வேறு நல்ல இடம் பக்கத்தில் இருப்பதால்கூட அது சட்டென்று கிளம்பலாம். போக்கிடம் இல்லாத பறவை கடைசிவரை அசையாமல் இருக்கும். அது அமைதியின் அடையாளம் இல்லை. போதாததற்கு, பறவைகள் பழகியும் கொள்கின்றன. வேடந்தாங்கலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரையை நிறைக்கும்போதும், மரத்து உச்சியில் நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும்.

ஊராரையும் அவர்கள் மாடுகளையும் விலக்கியதன் விளைவைப் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்கா கண்டது. 1982-ல் அங்கே மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் உயிரிழந்தனர். பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமைகள் போன பிறகு புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்து, பறவைகளுக்கே இடைஞ்சல் ஆனதைக் கண்டது.

கட்டினால்தான் கட்டுக்குள் வரும் என்போர்

இவர்கள் சொல்வது நேர் எதிர். பாதை இல்லாத இடத்தில் ஆள் எங்கும் நுழைவான். பாதை போட்டால் பாதையில் நிற்பான். மேரி லூ கிளைன் ஃபுளோரிடாவின் டிங் டார்லிங் காப்பகத்தில் செய்து 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. வண்டிக்குள்ளேயே இருந்தவர்களைவிட, இறங்கி நடந்து பறவையை நெருங்கியவர்களே அதிகம் கலைத்தார்கள். படமெடுப்பவர்கள்தான் நெருங்கிப் போக அதிகம் முயன்றார்கள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை: காப்பக ஊழியரிடமோ தன்னார்வலரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனவர்கள் பறவைகளைக் குறைவாகவே தொந்தரவு செய்தார்கள். மரத்தாலும் இரும்பாலும் கட்டுவதற்கு நிதி ஒதுக்குகிற திட்டங்களில் இந்த இரண்டு வார்த்தைக்குச் சம்பளம் ஒதுக்குவது அபூர்வம்.

இக்கட்சியின் நல்ல உதாரணம் ஹாங்காங்கின் மய் போ. 1983 முதல் உலக இயற்கை நிதியம் அதைப் பராமரிக்கிறது. அனுமதிச் சீட்டு இருந்தால்தான் உள்ளே போகலாம். அலையாத்திக் காட்டின் ஊடே மிதக்கும் நடைபாலம் செல்கிறது. அந்தப் பாலம் காட்டுக்குள்ளேயே முடிந்துவிடாமல் சேற்றுவெளியின் விளிம்பு வரை போகிறது. அங்கே ஒளிந்து நின்று பார்க்க மறைவிடங்கள் இருக்கின்றன. கடல் ஓதம் ஏறும்போது உள்ளான்கள் தாமாகவே மறைவிடத்தை நோக்கி வந்து சேரும். பார்வையாளர் நகர வேண்டியதில்லை. சிங்கப்பூரின் சுங்கை புலோவும் 1993-ல் திறந்தபோதே இதே வழியில் மறைவிடங்களோடு திறந்தது. 2002-ல் இயற்கைக் காப்பிடமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

நம் பக்கம் அருகிலுள்ள ஒப்பீடு சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு. 2021-ல் அங்கே சூழல் பூங்காவும் நடைபாதையும் திறக்கப்பட்டன. காலை நடைக்கு வருகிறவருக்கு அது பெரும் வரம். பறவை பார்ப்பவர்களிடையே கருத்து ஒன்றாக இல்லை. சதுப்பைக் குப்பைமேடாகப் பார்த்த நகரம் அதை ஏரியாகப் பார்க்கத் தொடங்கியது என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். வேலியும் விளக்கும் பூங்காவுக்கு வந்தன, சதுப்புக்கு என்ன வந்தது என்று மறுசாரார் கேட்கிறார்கள்.

இந்தக் கட்சியின் ஓட்டை பராமரிப்பு. கடலூர்க் கடற்கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. திறப்பு விழாவுக்கு நிதி கிடைக்கும். ஐந்தாம் ஆண்டில் துருப்பிடித்த கைப்பிடிக்கு வர்ணம் அடிக்க நிதி கிடைக்காது. படி உடைந்து பூட்டிக் கிடக்கும் கோபுரம், கோபுரமே இல்லாததைவிட மோசமாகப் பார்வையாளரை எரிச்சலூட்டும்.

வருகிறவர்கள் ஒரே ரகம் அல்லர்

பார்வையாளர் கருத்து என்று ஒற்றை எண்ணாகச் சொல்வதில் உள்ள சிக்கலை ஆய்வாளர் ஹாப்சன் பிரையன் 1977-லேயே காட்டினார். அவர் தூண்டில்காரர்களைத்தான் ஆராய்ந்தார். ஆனால் முடிவு பறவை பார்ப்பவர்களுக்கும் பொருந்துவதாகப் பின்வந்தவர்கள் கண்டார்கள். பொழுதுபோக்கில் பழுத்தவரும் புதியவரும் ஒரே வசதியை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

உயரமான கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு வருகிறவருக்கு அது காற்று, காட்சி, குழந்தைக்கு ஏறி இறங்கும் குதூகலம். கணக்கெடுப்புக்கு டெலஸ்கோப்போடு வருகிறவருக்கும் அது நல்லது. தொலைவில் கூட்டமாக நிற்கும் உப்புக்கொத்திகளை அங்கிருந்துதான் எண்ண முடியும். படமெடுப்பவருக்கோ அது வீண். மேலிருந்து எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் படத்தில் விழும். அவருக்குத் தண்ணீர் மட்டத்தில் ஒரு தாழ்ந்த மறைவிடம் வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் கோபுரம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. லண்டன் ஈரநில மையம் 2000-ல் திறந்தபோது மூன்று மாடி மறைவிடத்தில் மின்தூக்கி வைத்தது. இந்தக் குறையை ஒரு நகரம் சரிசெய்த விதம் அது. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் அதற்கு மின்சாரமும் பழுதுபார்க்க ஆளும் எப்போதும் இருப்பார்களா என்பது வேறு கேள்வி. அங்கே சாய்தளம்தான் நடக்கிற காரியம்.

கழிப்பறை இந்த வாதங்களில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. விடியலில் வந்து நான்கு மணி நேரம் கரையில் நிற்க வேண்டிய ஒரு பொழுதுபோக்கில், பெண்கள் ஏன் குறைவு என்று கேட்கும் கட்டுரைகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

திருப்தி ஆய்வுகளுக்கு இன்னும் ஆழமான ஒரு குறை உண்டு. வாசலில் நின்று கேட்டால் வந்திருப்பவர்தான் பதில் சொல்வார். மாற்றம் பிடிக்காமல் வருவதையே நிறுத்தியவர் அந்தப் படிவத்தில் இல்லை. அவர் வேறு ஏரிக்குப் போயிருப்பார், அல்லது வீட்டில் இருப்பார். அவருடைய இடத்தில் புது வசதிக்காகவே வந்த புது ஆள் நின்று நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். ஆகையால் எந்த மாற்றத்துக்குப் பிறகும் திருப்தி உயர்வாகவே தெரியும். பொழுதுபோக்கு ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பிச்சாவரத்தில் படகு எங்கே, பறவை எங்கே

பிச்சாவரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கிறது. அதன் புகழ் மரத்தால் வந்தது. 1975-ல் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' அங்கே படமானது. 2004 சுனாமிக்குப் பிறகு, அலையாத்திக் காடு ஊர்களைக் காத்தது என்ற செய்தி உலகெங்கும் போனது. எந்த அளவுக்குக் காத்தது என்ற விவாதம் ஆய்விதழ்களில் தொடர்ந்தாலும், மக்கள் மனதில் காடு காவல் தெய்வமாகிவிட்டது. சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்துவிட்டு மத்தியானத்துக்குள் பிச்சாவரம் வரும் குடும்பம் சுரபுன்னையின் தொங்கு வேர்களைப் பார்க்கத்தான் வருகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமும் அதற்காகவே அமைந்தது. இருபுறமும் கிளைகள் கவிந்து கூரை போட்ட ஒடுங்கிய வாய்க்கால்தான் அங்கே விற்பனையாகும் காட்சி.

வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் ஓதம் வடிந்த பிறகு வெளிப்படும் சேற்றுத் திட்டுகளில் மேயும். ஆலாக்கள் திறந்த உப்பங்கழியிலும் முகத்துவாரத்திலும் பறக்கும். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் நாகராஜன், தியாகேசன் இருவரும் பிச்சாவரத்தின் நீர்ப்பறவைகளுக்கும் அவை மேயும் மண்ணின் தன்மைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1996-ல் 'ஐபிஸ்' இதழில் எழுதினார்கள். உள்ளான் காலுக்கு ஏற்ற ஆழமும் அலகுக்கு ஏற்ற சேறும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது நிற்கும். மரநிழல் வாய்க்காலில் பார்வையாளர் காண்பது மீன்கொத்தி, வக்கா, கிளையில் சிறகு விரித்து உலர்த்தும் நீர்க்காகம். அவையும் அழகுதான். ஆனால் வலசைப் பறவைக்காக வந்தவர் ஏமாந்து திரும்புவார். அந்த ஏமாற்றத்துக்குப் படகோட்டி பொறுப்பில்லை, பறவையும் பொறுப்பில்லை. படகின் தடம் மரத்துக்காகப் போட்டது.

இது தெரியாமல் பிச்சாவரத்தின் வசதி மாற்றங்களைப் பற்றிய கருத்துகளைப் படித்தால் முரணாகத் தோன்றும். மோட்டார் படகு வேண்டும் என்பவர் குறைந்த நேரத்தில் முகத்துவாரம் வரை போக விரும்புகிறவர். துடுப்புப் படகு போதும் என்பவர் ஒடுங்கிய வாய்க்காலுக்குள் அமைதியாக நுழைய விரும்புகிறவர். இயந்திரப் படகு அங்கே நுழையவும் முடியாது. இருவரில் யார் பறவை விரும்பி என்று படகை வைத்துச் சொல்லிவிட முடியாது. முதலாமவருக்கே பறவை அதிகம் கண்ணில் படலாம், ஆனால் அவர் படகின் இரைச்சலே அவற்றைக் கிளப்பிவிடவும் செய்யும். ஓத நேரத்தைப் பார்த்துப் படகு விட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். அதற்குக் கட்டடம் ஒன்றும் வேண்டாம். டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் அன்றைய ஓத நேரம் எழுதிய கரும்பலகை போதும்.

காட்டைப் பெருக்குவதும் பறவைக்கு எப்போதும் ஒரே திசையில் நன்மை என்று கொள்ள முடியாது. 1970-கள் வரை முறைவைத்து மரம் வெட்டியதால் உப்பேறித் தரிசான இடங்களில், 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓத நீரைப் பாய்ச்சிக் காட்டை மீட்டது. அது பெரிய சாதனை. என்றாலும் அடைய மரம் வேண்டும் என்பது கொக்கின் தேவை. வெறும் சேறு வேண்டும் என்பது உள்ளானின் தேவை. எந்தத் திட்டில் நடுவது, எந்தத் திட்டை அப்படியே விடுவது என்ற முடிவு, நடைபாலம் எங்கே முடிய வேண்டும் என்ற முடிவோடு சேர்ந்தே வர வேண்டும்.

பிழைப்புக் கட்சி

மூன்றாவது கட்சி கட்டடத்தைப் பற்றியே கவலைப்படுவதில்லை. காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்கிறது. கேவலாதேவில் சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் பயிற்சி பெற்றுப் பறவை வழிகாட்டிகள் ஆனார்கள். பார்வையாளர்கள் அவர்களைப் பாராட்டுகிறார்கள். ஒடிசாவின் சிலிகாவில் மங்களஜோடி கிராமத்துப் பறவை வேட்டைக்காரர்கள் காவலர்களாகவும் படகோட்டிகளாகவும் மாறினார்கள். அங்கே கோபுரத்தைவிடக் கோல் ஊன்றும் கைக்கே மதிப்பு.

பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மீனவர்களோடு இருளர்களும் வாழ்கிறார்கள். சேற்று நீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். எந்தத் திட்டு எந்த ஓதத்தில் வெளியே வரும், எங்கே பறவை இறங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இந்த அறிவுக்குச் சுற்றுலாவில் இடம் கொடுத்தால் பார்வையாளருக்கும் லாபம். இக்கட்சிக்கும் பலவீனம் உண்டு. பருவம் ஆறு மாதம்தான். மீதி ஆறு மாதத்துக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? வருமானம் கூடக்கூடப் படகும் கூடும். சிலிகாவிலேயே சதபடா பக்கம் ஓங்கில் என்னும் டால்பினைத் துரத்தும் மோட்டார் படகுகள் இதற்குச் சாட்சி.

வீராணம்: வசதி இல்லாத இடத்தின் பாடம்

அதே கடலூர் மாவட்டத்தில் சோழர் வெட்டிய வீராணம் ஏரியில் பறவை பார்ப்பவருக்கென்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை போகும் சாலை கரையோடு ஒட்டிப் போகிறது. பஸ்ஸிலிருந்தே கூட்டம் தெரியும். முழு நீர்மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. நீர் நிறைந்து நிற்கையில் நகரத்துக்கும் நீர்க்காகத்துக்கும் நல்லது. நீண்ட கால் இல்லாத உள்ளானுக்கு அப்போது ஏரியில் வேலையில்லை. விளிம்பு வற்றி ஈரச்சேறு தெரியும் வாரங்களில்தான் கரையோரம் களைகட்டும். ஆகவே பார்வையாளரின் அனுபவத்தை இங்கே தீர்மானிப்பது மதகு. எந்தக் கோபுரமும் அதை ஈடுசெய்யாது.

தீராதவை

கட்டாதே என்போருக்குப் பறவையின் பயத்தைப் பற்றிய சான்று பலமாக இருக்கிறது. அந்தப் பயம் கூட்டத்தைக் குறைக்கிறதா என்பதில் சான்று மெலிந்திருக்கிறது. கட்டு என்போருக்கு மய் போ போன்ற உதாரணம் இருக்கிறது. ஆனால் அங்கே நுழைவே அனுமதிச் சீட்டால் கட்டுப்பட்டது, பாலம் மட்டும் தனியே வேலை செய்யவில்லை. சீட்டை விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை இல்லை. பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் குளிர்நாடுகளையும் ஃபுளோரிடாவையும் சேர்ந்தவை. சோழமண்டலக் கடற்கரையில் உள்ளான் எத்தனை மீட்டரில் எழும்புகிறது என்பதை இங்கேயே அளந்தாக வேண்டும். பழகிப்போவது உள்ளூர்க் கொக்குக்குச் சாத்தியம். இரண்டு வாரம் தங்கிக் கொழுத்துவிட்டு மேலும் தெற்கே போகும் பறவைக்குப் பழக நேரமே இல்லை என்ற ஐயமும் நிற்கிறது.

கட்சிகளை எடைபோட்டால், பணியாளருக்கும் ஓத அட்டவணைக்கும் செலவிடும் ரூபாய், கோபுரத்துக்குச் செலவிடும் ரூபாயைவிடப் பார்வையாளரையும் பறவையையும் ஒருசேர நிறைவு செய்யும் என்பதற்கே இப்போதைக்குச் சான்று சாய்கிறது. அதுவும் மாறக்கூடிய முடிவுதான். அதனால் பிச்சாவரத்தில் அடுத்த நடைபாலத்துக்குத் தூண் ஊன்றும் முன், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு முழு வலசைப் பருவம், படகுத் தடத்திலும் சேற்றுத் திட்டிலும் தனித்தனியே பறவைகளை எண்ண வேண்டும். வந்தவர்களோடு வராமல் நின்றவர்களையும் கேட்க வேண்டும். அந்தக் கணக்கைத் தமிழில் எழுதிக் கிள்ளைப் பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.